சேறு, பூ, பழங்கல்: இங்கிலாந்தின் வசந்தத்தில் முதல் நடை

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு, விடிகாலை ஒரு மணிக்கு, இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அன்று தூக்கம் கொஞ்சம் குறையும். பதிலுக்கு லண்டனில் மாலை ஏழரை மணி வரை வெளிச்சம் கிடைக்கும். மே நடுவில் எட்டே முக்கால் வரை. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டியதைப் பார்த்து, எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று நொந்தவர்கள் வீட்டை விட்டு இறங்க வேண்டிய நாள் அது.

புதிதாக வந்த குடும்பங்கள் வசந்தத்தில் என்ன செய்கின்றன என்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஈஸ்டர் விடுமுறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோட்டைக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். வரிசையில் நிற்கிறார்கள். ஒரு ராஜாவின் கட்டிலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள். நான்கு பேருக்கு ஆன செலவை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அடுத்த ஈஸ்டர் வரை எங்கும் போவதில்லை. கோட்டையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையும், அது நுழைந்து வெளியேறும் காடும் பல இடங்களில் கோட்டையை விட மூத்தவை, காசும் கேட்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பழைய இடத்துக்கு நடந்து போய்ச் சேருங்கள். காரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பது வேறு. ஒரு மணி நேரம் நடந்து வந்து முதல் கல்லைக் காண்பது வேறு.

எந்த வாரம்

வசந்தம் இங்கே தவணை முறையில் வருகிறது. ஜனவரி இறுதியில் ஸ்னோட்ராப் பூ தலை காட்டும். மார்ச்சில் சாலையோரமெல்லாம் டாஃபடில் மஞ்சள். அதே சமயத்தில், இலை விடும் முன்பே வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும் முள்வேலிச் செடி பிளாக்தார்ன். அது பூக்கும்போது ஒரு குளிர் திரும்பி வந்து அடிக்கும் என்று கிராமத்தார் சொல்வார்கள். அதற்கு ‘பிளாக்தார்ன் குளிர்காலம்’ என்றே பெயர். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை காடுகளுக்குள் புளூபெல். பிறகு ஹாதார்ன். ‘மே கழியும் வரை ஒரு துணியையும் களையாதே’ என்று ஒரு பழமொழி உண்டு. அந்த மே என்பது மாதமா, மே என்றே அழைக்கப்படும் ஹாதார்ன் பூவா என்பது இன்னும் தீராத வழக்கு. எதுவாக இருந்தாலும் ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

என் கணக்கில் புதியவருக்கு ஏற்றவை ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் இரண்டு வாரங்களும். குளிர்காலச் சேறு பாதியாவது காய்ந்திருக்கும், குளிர்காலத்தில் மூடிக் கிடந்த இடங்கள் திறந்திருக்கும், காட்டில் பூ இருக்கும். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பொது விடுமுறை. பெயர் பெற்ற இடங்களின் கார் நிறுத்துமிடம் காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும். அந்த இரண்டு நாட்களிலும் பெயர் பெறாத இடத்துக்குப் போங்கள். ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வழியில் ரொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் அன்று பலிக்காது.

காலிலிருந்து தொடங்குங்கள்

என் முதல் ஏப்ரல் நடைக்குக் கான்வாஸ் ஷூவும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு போனேன். வெயில் பளிச்சென்று அடித்தது. முந்தின வாரம் முழுக்கப் பெய்த மழை என் நினைவில் இல்லை. மாடுகள் தண்ணீர் குடிக்க வந்து போகும் ஒரு கதவருகே இடது கால் கணுக்கால் வரை இறங்கியது. காலை இழுத்தேன், கால் வந்தது, ஷூ வரவில்லை. நனைந்த ஜீன்ஸ் மாலை வரை காயவே இல்லை. பின்னால் வந்த எழுபது வயது மூதாட்டி ஒருவர் தன் கைத்தடியால் ஷூவைக் கிளறி எடுத்துக் கொடுத்து, “நல்ல நாள், இல்லையா?” என்றார்.

ஆகவே முதல் செலவு காலணிக்கு. கணுக்காலை மூடும், நீர் புகாத நடைக் காலணி. புதிதாக வாங்கியதை வீட்டுக்குள்ளும் கடைத்தெருவுக்கும் ஒரு வாரம் போட்டுப் பழகிய பின்பே காட்டுக்கு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்று பைக்குள். ஜீன்ஸ் வேண்டாம், சீக்கிரம் காயும் கால்சட்டை போதும். மேலே ஒரு தடித்த கோட்டுக்குப் பதிலாக மெல்லிய மூன்று அடுக்குகள், கடைசி அடுக்கு மழை தாங்குவதாக. ஏப்ரல் மாதம் ஒரே பிற்பகலில் வெயில், ஆலங்கட்டி, மறுபடி வெயில் என்று காட்டும். குடை மட்டும் வேண்டாம். திறந்தவெளிக் காற்றில் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். ஏப்ரலில் மூக்கு ஒழுகிக் கண் அரித்தால் சளி என்று நினைத்துவிடாதீர்கள். பிர்ச் மரத்தின் மகரந்தம் பறக்கும் காலம் அது; ஊரில் ஒருநாளும் தும்மாதவர்களுக்கும் இங்கே வந்த சில வருடங்களில் அந்த ஒவ்வாமை வருவதுண்டு. மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும்.

அடுத்தவர் வயலில் நடக்கலாமா

புதியவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான். வேலி இருக்கிறது, உள்ளே பயிர் இருக்கிறது, ஆள் இல்லை. உள்ளே போனால் யாராவது வந்து சத்தம் போடுவார்களோ என்ற பயம். நியாயமான பயம்தான், ஊரில் வரப்பில் நடப்பதற்கும் ஒரு தெரிந்த முகம் வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் பொதுப் பாதைகள் இருக்கின்றன. பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியே போகிறது. நிலம் அவர்களுடையது, அந்தப் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருடையது. தேவாலயத்துக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் ஜனங்கள் நடந்து நடந்து விழுந்த தடங்கள்தான் பல. ‘ஒருமுறை பொதுவழி என்றால் எப்போதும் பொதுவழி’ என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பழைய வாக்கு. 1949-ல் வந்த சட்டம் ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) தன் பாதைகளை அதிகாரபூர்வமான வரைபடத்தில் குறித்து வைக்கச் செய்தது. குறுக்கே யாராவது கம்பி கட்டியிருந்தால் கவுண்டி கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம்.

கம்பத்தில் அடித்திருக்கும் அம்புக்குறியைப் படிக்கப் பழகுங்கள். மஞ்சள் அம்பு, நடப்பவர்களுக்கான பாதை. நீலம், குதிரையும் சைக்கிளும் வரலாம். சிவப்பு, வண்டியும் வரலாம். ஓக் மரத்துக் காயின் படம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை. வழி தவறுவது கடினம்.

வரைபடத்தில், அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையை வாங்குங்கள், ஆரஞ்சு அட்டை போட்டது. அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பொதுப் பாதைகள் பச்சைக் கோடு கோடாக இருக்கும், ஒவ்வொரு வேலியும் குறித்திருக்கும். இளஞ்சிவப்பு அட்டை போட்ட லாண்ட்ரேஞ்சர் காரில் போகிறவருக்கு நல்லது, நடப்பவருக்குப் போதாது. செல்பேசி வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், ஆனால் பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கணக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர். குழந்தையும் சேறும் சேர்ந்தால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: ரன்னிமீட்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறியவர்களுக்கு முதல் நடையாக நான் எப்போதும் சொல்வது தேம்ஸ் கரைப் புல்வெளியான ரன்னிமீட். 1215 ஜூன் 15 அன்று ஜான் மன்னன் தன் பிரபுக்களிடம் பணிந்து மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு முத்திரை வைத்த இடம். கையெழுத்துப் போட்டான் என்று பள்ளியில் படித்திருப்போம், முத்திரைதான். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏனென்றால் நுழைவாயிலே கிடையாது. எக்ஸ்ப்ளோரர் 160-ஆம் எண் வரைபடம்.

எகாம் நிலையத்தில் இறங்கினால் கிட்ட. நான் சொல்வது ஸ்டெயின்ஸில் இறங்குவது. வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 35 நிமிடம். நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து, ஸ்டெயின்ஸ் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய், ஆற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டும். இது தேம்ஸ் பாதை. ஆரம்பத்தில் வீடுகளின் புழக்கடை, படகுகள், வாத்துக் குஞ்சுகள். பிறகு எம்25 நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் குனிந்து போவதுபோல ஒரு இடம். தலைக்கு மேல் லாரிகள் உறுமும். இதற்காகவா வந்தோம் என்று தோன்றும். பொறுங்கள். பெல் வெயர் லாக்கில் படகுகள் மதகுக்குள் ஏறி இறங்குவதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். குழந்தைகள் அங்கிருந்து கிளம்ப மறுப்பார்கள். அதைத் தாண்டியதும் கரை அகன்று புல்வெளி திறக்கிறது. ஆற்றோர வெள்ளச் சமவெளி அது. மழைக்காலம் நீண்ட வருடங்களில் மார்ச்சில் சில பகுதி தண்ணீருக்குள் இருக்கும். ஏப்ரல் பிற்பகுதியில் மஞ்சள் பூக்கள்.

புல்வெளியில் வெண்கல நாற்காலிகள் பன்னிரண்டு நிற்கின்றன. நீதி கேட்டு நடந்த போராட்டங்களின் காட்சிகளை முதுகில் செதுக்கி 2015-ல் வைத்தார்கள். உட்காரத்தான் வைத்திருக்கிறார்கள், உட்காருங்கள். நினைவுச் சின்னங்கள் இருக்கும் மலையடிவாரம் சாலைக்கு அந்தப் பக்கம். வண்டிகள் வேகமாக வரும் சாலை, குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே எட்டுத் தூண்களும் குவிமாடமுமாக ஒரு சிறு மண்டபம். 1957-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கட்டியது. ஆங்கிலேயரின் சாசனத்துக்கு அமெரிக்கர் மண்டபம் கட்டிய கதையை வழிகாட்டிப் பலகைகள் சொல்லும். அருகே இருக்கும் ஓக் மரத்தைப் பெரும்பாலோர் பார்க்காமல் போய்விடுகிறார்கள். 1994 மார்ச்சில் இந்தியப் பிரதமர் நரசிம்ம ராவ் நட்டது. கீழே கல்வெட்டு இருக்கிறது. இந்திய அரசியல் சட்டத்தை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளிக் காட்டுக்குள் ஏறும் கருங்கல் படிகள் கென்னடி நினைவிடத்துக்கு. ஐம்பது படிகள், ஒன்றைப்போல ஒன்று இல்லை, எண்ணிக்கொண்டே ஏறுங்கள். மேலே ஒரு வெள்ளைக் கல், பக்கத்தில் ஹாதார்ன் மரம். அந்த ஓர் ஏக்கர் நிலத்தை 1965-ல் அமெரிக்காவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து கூப்பர்ஸ் ஹில் உச்சிக்கு ஏறும் பாதை செங்குத்து. மழை பெய்திருந்தால் வழுக்கும். ஏறினால் 1953-ல் திறந்த விமானப்படை நினைவு மண்டபம். இரண்டாம் உலகப்போரில் பறந்து போய், கல்லறையும் கிடைக்காமல் போன இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர் சுவராக. அதில் நூர் இனாயத் கானின் பெயரைத் தேடிப் பாருங்கள். திப்பு சுல்தானின் வழி வந்த பெண். பிரிட்டனுக்காகப் பிரான்சுக்குள் ரகசியமாக இறங்கி வானொலியில் செய்தி அனுப்பி, பிடிபட்டு, 1944-ல் நாஜிகளின் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். மாடத்தில் நின்றால் கீழே தேம்ஸ் வளைவும் ஹீத்ரோவில் ஏறி இறங்கும் விமானங்களும் தெரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெயர்களைப் படிப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரியாக இருக்கும்.

இன்னொரு செய்தி. இதே மலை மேல்தான் 1906 வரை ராயல் இந்தியப் பொறியியல் கல்லூரி நடந்தது. நம் நாட்டில் பொதுப்பணித் துறையின் சாலைகளையும் அணைகளையும் கால்வாய்களையும் பார்த்துக்கொண்ட பொறியாளர்கள் பலர் இங்கே படித்து வந்தவர்கள். ஊர்க் கால்வாய்க்கும் இந்தக் குன்றுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

இறங்கி எகாம் நிலையத்துக்கு வந்தால் மொத்தம் ஐந்தாறு மைல். நின்று, சாப்பிட்டு, படி எண்ணி நடந்தால் ஐந்து மணி நேரம். ஆற்றுக்கு எதிர்க்கரையில் 2,500 வருட வயது சொல்லப்படும் ஆங்கர்விக் யூ மரம் இருக்கிறது. புல்வெளியிலிருந்து ஆற்றைத் தாண்ட வழியில்லை, ரேஸ்பரி பக்கமாகத் தனியே வர வேண்டும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கதவும் மாடும்

இந்த நாட்டுப் பாதைகளில் ‘கிஸ்ஸிங் கேட்’ என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வளைந்த ஒரு சின்னக் கூண்டுக்குள் ஒரு கதவு ஊசலாடும். நீங்கள் கூண்டுக்குள் புகுந்து, கதவை உங்கள் மேல் இழுத்துக்கொண்டு, மறுபக்கம் நழுவ வேண்டும். மாட்டுக்கு அந்த நெளிவு வராது. ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, புடவையும் ஸ்வெட்டரும் கழுத்துத் துண்டுமாக அந்தக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, “ஏன்டா, இது மாட்டுக்குப் போட்ட பூட்டா, எனக்குப் போட்ட பூட்டா?” என்று கேட்டார். “ஒரு அடி பின்னால் வாருங்கள் பெரியம்மா, கதவு தானாக விடும்” என்றேன். வந்தார், விட்டது. அன்று வழியில் இருந்த அத்தனை கதவுகளுக்கும் அவரே முன்னால் போய் நின்றார்.

கதவை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்; மூடியிருந்ததை மூடி, திறந்திருந்ததைத் திறந்தபடி. மார்ச் முதல் மே வரை ஆட்டுக்குட்டி போடும் காலம். குட்டிகள் கிட்டே வரும், தூக்கிக் கொஞ்ச ஆசை வரும், வேண்டாம். கன்றோடு நிற்கும் பசுவிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. ஊர்ப் பசு மாதிரி சாதுவாகத் தலை ஆட்டும் என்று நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள். சுற்றிக்கொண்டு போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். நாய் வைத்திருப்பவர்கள் வாரில் பிடிக்க வேண்டும். மாடு துரத்தினால் வாரை விட்டுவிட வேண்டும், நாய் தப்பித்துக்கொள்ளும்.

பயிருக்கு நடுவே பாதை போனால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஏப்ரல் இறுதியில் வயல் முழுக்கக் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருப்பது எண்ணெய்க்காகப் பயிரிடும் ரேப். நம் கடுகின் உறவு. காட்டோரம் பூண்டு நெடி அடித்தால் அது காட்டுப் பூண்டு. பறித்துத் துவையல் அரைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதே இலைக்கூட்டத்துக்குள் நச்சுச் செடிகளும் வளரும், தெரியாமல் கை வைக்க வேண்டாம். காஞ்சொறியைப் போல அரிக்கும் நெட்டில் செடி எங்கும் உண்டு. குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டை.

எதிரே வருகிறவருக்கு “மார்னிங்” சொல்லுங்கள். லண்டன் ரயிலில் அதே ஆள் உங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார். வயல் பாதையில் வணக்கம் சொல்லாமல் போனால் மனம் கோணுவார்.

இரண்டாவது பயணம்: ஏவ்பரி

பழங்காலப் பெருங்கற்கள் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சுக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். வரவேற்பு மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. பஸ் கொண்டுபோய் விடும். அந்தப் பஸ்ஸில் ஏறாமல் புல்வெளி வழியே நடங்கள், பழைய சமாதி மேடுகளுக்கு நடுவே போவீர்கள், கற்கள் தொலைவில் பொட்டாகத் தெரிந்து வளர்வதைக் காண்பீர்கள். திரும்பும் வழியில் சால்ஸ்பரி பேராலயத்தில், 1215-ஆம் வருடத்து மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்று இருக்கிறது. ரன்னிமீட்டைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தத் தோல் ஏட்டின் முன் நிற்பது வேறு அனுபவம்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஏவ்பரி. உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டம். 4,000 வருடங்களுக்கு மேல் பழையது. கல்வட்டம் என்ற சொல் நம் தொல்லியலில் ஏற்கெனவே புழங்குவதுதான். நம்முடையவை ஈமக்குழியைச் சுற்றி அடுக்கியவை, காலத்தால் பிந்தியவை. இங்கே வட்டம் ஒரு கிராமத்தையே உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது: வீடு, பப், சாலை, மேயும் ஆடு. கல்லைத் தொடலாம், சாய்ந்து உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடலாம். ஸ்டோன்ஹெஞ்சில் இது நடக்காது.

பல கற்களை 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஊரார் நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்டிக்கொண்டார்கள். 1930-களில் அலெக்ஸாண்டர் கெய்லர் என்பவர், மார்மலேடு விற்ற குடும்பத்துச் சொத்தை வைத்து நிலத்தை வாங்கி, புதைந்து கிடந்த கற்களைத் தோண்டி நிறுத்தினார். 1938-ல் ஒரு கல்லுக்கடியில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. கூடவே ஒரு கத்தரிக்கோல், அறுவைக்கு உதவும் ஒரு கூரிய கருவி, 14-ஆம் நூற்றாண்டு நாணயங்கள். முடி வெட்டி வைத்தியமும் பார்த்த ஆள் என்று முடிவு கட்டி அந்தக் கல்லுக்கு ‘பார்பர் கல்’ என்றே பெயர் வைத்தார்கள். முடிதிருத்துபவரே மருத்துவரும் என்பது நமக்கும் தெரிந்த வழக்கம்தானே.

நடைக்கு எக்ஸ்ப்ளோரர் 157. வட்டத்திலிருந்து தெற்கே, இரு வரிசைக் கற்களுக்கு நடுவே போகும் வெஸ்ட் கென்னட் கல்சாலை வழியே கிளம்புங்கள். சில்பரி ஹில் கண்ணில் படும், மனிதக் கைகள் குவித்த, முப்பது மீட்டருக்கும் மேல் உயரமான மண்மலை. ஏறக் கூடாது, சுற்றிப் பார்க்கலாம். ஏன் கட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சாலையைத் தாண்டி வயல் வழியே ஏறினால் வெஸ்ட் கென்னட் நெடுஞ்சமாதி. ஏறத்தாழ 5,600 வருடம் பழையது. பூட்டு இல்லை, காவலாளி இல்லை. குனிந்து உள்ளே போகலாம். செல்பேசி விளக்கைப் போட்டால் கல்லறைகளின் சுவர் தெரியும். அணைத்தால் வயலில் வானம்பாடி பாடுவது மட்டும் கேட்கும்.

கார் உள்ளவர்கள் அங்கிருந்து மார்ல்பரோ பக்கம் உள்ள வெஸ்ட் வுட்ஸுக்கும் போய்விடுங்கள், மே முதல் வாரமாக இருந்தால். பீச் மரங்களுக்கு அடியில் காடு முழுக்கப் புளூபெல், நீலமும் ஊதாவும் கலந்த புகை தரையில் படிந்தது போல. ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் இந்தக் காட்டிலிருந்து போனவை என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். 1958-ல் ஒரு கல்லைச் சீர் செய்யத் துளையிட்டபோது எடுத்த துண்டை, வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போய் அறுபது வருடம் வைத்திருந்தார். அவர் திருப்பிக் கொடுத்ததால்தான் அதைப் பரிசோதிக்க முடிந்தது. இருபது டன்னுக்கும் மேல் எடையுள்ள கற்கள், இருபத்தைந்து கிலோமீட்டர், சக்கரம் இல்லாத காலம். பூவுக்காக வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

புளூபெல் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். உலகத்துப் புளூபெல்லில் ஏறத்தாழ பாதி பிரிட்டனில்தான். வேரோடு பிடுங்குவது 1981-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய கேடு, படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு நாலடி உள்ளே போவது. இலை நசுங்கினால் கிழங்குக்கு உணவு போகாது. மறுபடி தேற வருடக்கணக்காகும். 1600-ஆம் வருடத்திலிருந்தே காடாக இருந்த நிலத்தைத்தான் இங்கே ‘பழங்காடு’ என்பார்கள். புளூபெல் விரிப்பு அதற்கு ஓர் அடையாளம். நானூறு வருடம் யாரும் உழாத மண் மேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். குழந்தையைப் பூவுக்கு நடுவே உட்கார வைத்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அனுப்பாதீர்கள்.

டிக்கெட்டும் உறுப்பினர் அட்டையும்

இரண்டு அமைப்புகளைக் குழப்பிக்கொள்வார்கள். நேஷனல் டிரஸ்ட் 1895-ல் தொடங்கியது. மாளிகைகள், தோட்டங்கள், கடற்கரை, காடு. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ், கோட்டை, மடாலயத்து இடிபாடு, ரோமானியச் சுவர் என்று 400-க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்துக்கொள்கிறது. அவற்றில் பாதிக்கு மேல் இலவசம். ஸ்டோன்ஹெஞ்சு இங்கிலிஷ் ஹெரிட்டேஜுடையது என்றாலும் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர்களும் கட்டணமில்லாமல் போகலாம். வருடத்துக்கு நான்கு இடங்களுக்காவது குடும்பத்தோடு போவீர்கள் என்றால் உறுப்பினர் கட்டணம் கட்டுபடியாகும். முதல் வருடமே இரண்டிலும் சேர வேண்டாம். சிறு குழந்தை இருந்தால் நேஷனல் டிரஸ்ட், ஓடி விளையாட இடம் உண்டு. பத்து வயதுப் பையன் இருந்தால் கோட்டைக்காரர்கள்.

கிராமத்துத் தேவாலயங்களை விட்டுவிடாதீர்கள். பகலில் பெரும்பாலும் திறந்தே இருக்கும், கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் போகலாம். ஊரிலேயே வயதான கட்டடம் அதுதான். தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள், உண்டியலில் ஒரு பவுண்டு.

ரயிலும் சோறும்

சனி, ஞாயிறு முழுநாளும் நெரிசலற்ற நேரக் கட்டணம்தான். குடும்பத்துக்கான ரயில் கார்டு இருந்தால் பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைக்கு அறுபது சதவீதமும் குறையும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். ஞாயிறு, அதிலும் ஈஸ்டர் ஞாயிறு, தண்டவாள வேலை நடக்கும் நாள். ஒருமுறை ஒன்றரை மணி நேரப் பயணத்தை மூன்று பஸ் மாறி நான்கு மணி நேரத்தில் முடித்தேன்; முந்தின இரவு ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். கிராமத்துப் பஸ்ஸின் கடைசி நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஏவ்பரிக்கு ஸ்விண்டனிலிருந்து பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணிக்கை குறைவு.

பப்பில் சமையலறை மதியம் மூடிவிடும், ஞாயிறு சாப்பாட்டுக்கு முன்பதிவு வேண்டும், சைவத்துக்குத் தேர்வு சொற்பம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். அது ஆறினாலும் ருசி கெடாது. குளிரில் கை விறைத்தால் ஒரு பிளாஸ்க் தேநீர். குப்பைத் தொட்டி காட்டில் இருக்காது, இலையையும் டப்பாவையும் திருப்பி எடுத்து வாருங்கள். அவசரத்துக்கு 999, இடத்தைச் சொல்ல வரைபடத்தின் கட்ட எண் உதவும்.

வீடு திரும்பியதும்

காலணியை வெளியே கழற்றுங்கள். சேறு ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள், காய்ந்தபின் தட்டினால் தானே உதிரும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். பிறகு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி எல்லாம் பாருங்கள். வசந்தத்தில் புல்லிலும் பெரணியிலும் உண்ணி இருக்கும். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்க வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் காட்டி, எந்தக் காட்டுக்கு என்றைக்குப் போனீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்காகவே நான் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் பென்சிலால் தேதி குறித்து வைக்கிறேன். என் 157-ஆம் எண் வரைபடத்தில் ஒன்பது தேதிகள் இருக்கின்றன, ஒன்பதும் ஏப்ரல் அல்லது மே.